நிழல் ஏன் நீள்கிறது

அக்கா போன் செய்து நான்கு மாதமாகிறது. "தனியா இருந்து என்னத்தக் கிழிக்கிற? எங்களோட வந்து இரு" என்றாள் அன்று. பாதியிலேயே துண்டித்துவிட்டேன். இன்னும் கோபமா, இல்லை என்னைத் தலைமுழுகியே விட்டாளா? பள்ளிக்கு வரும் பேருந்தில் தினமும் இதே யோசனைதான்.

இன்று பத்தாம் வகுப்புக்குத் தற்குறிப்பேற்ற அணி. தானாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்வது. தேர்வில் பாதிப் பேர் உவமை என்று எழுதிக் கோட்டைவிடுவார்கள். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கரும்பலகையில் நானே இரண்டு வரி எழுதுவேன். எண்ணம் ஏறிய வரியைக் காலண்டர் அட்டையால் மறைப்பேன்.

மாலையில் என் அறை வாசலில் நிழல் நீள்கிறது;
யாராவது வருகிறார்களா என்று தெருவை எட்டிப் பார்க்கிறது.

"சார், அந்த நிழலுக்கு வேற பொழப்பே இல்லையா?" கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாம் வரியை மறைத்தேன். "இப்ப என்ன மிச்சம்?"

"நிழல் நீளுது. வெயில் சாயுதுல்ல சார்."

"அப்ப எட்டிப் பாக்குறது யாரு?"

"எழுதினவர்தான்!"

வகுப்புத் தலைவி கையைத் தூக்கினாள். "சார், நெசமான காரணம் தெரியாத இடத்துல இப்படி ஏத்திச் சொன்னா, அதுவும் இந்த அணிதானா?"

"இல்லம்மா. வெயில் சாயுறது கவிஞருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வேற சொல்றாரு. தெரியாம சொன்னா அது அணி இல்ல."

"அப்ப அதுக்குப் பேரு?"

"நாமளா நெனச்சுக்கறது."

சொன்னபின் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க வேண்டாததையெல்லாம் அழித்தேன்.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் யாருமில்லை. அக்கா போன் செய்யவில்லை, நடந்தது அவ்வளவே. கோபமும் தலைமுழுகலும் நான் ஏற்றியவை. அவற்றை எடுத்தால் இன்னொன்றும் மிஞ்சியது: நானும் செய்யவில்லை.

செய்தேன்.

"டேய், என்னடா ஆச்சு? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"சும்மாவா! நாலு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த. இனி நம்மளத் திரும்பியே பாக்க மாட்டான்னு உங்க மாமாகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

"நீ ஏன்க்கா போன் பண்ணல?"

அவள் வீட்டில் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. காரணத்தை அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.