நொதுமலர்

“ஒரே இலையில் உண்ட இருவரும் நொதுமலராய் எழுந்து கைகழுவினர்.”

அந்த இடத்தில் மாரீஸ்வரன் வாசிப்பதை நிறுத்தினார். புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அந்த ஒரு சொல்லை மட்டும் வாய்க்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“ஏன் மாப்ள நிப்பாட்டிட்ட?” கட்டிலில் கிடந்த தங்கப்பாண்டி கண்ணைத் திறக்காமல் கேட்டார். பாதிக் குரல் காற்றாகத்தான் வந்தது.

“நொதுமலர்னு போட்டுருக்கு மச்சான். என்னன்னு தெரியல.”

“மலர்னுல்ல முடியுது. பூவா?”

“பூவு எப்பிடி மச்சான் எந்திரிச்சுக் கைகழுவும்?”

தங்கப்பாண்டியின் உதடு லேசாக இழுபட்டது. இப்போதெல்லாம் அவர் சிரிப்பு அவ்வளவுதான். கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தை நீவிக்கொண்டிருந்த ராக்கு, “நொச்சிப்பூவா இருக்கும்லே. அச்சடிச்சவன் மாத்திப் போட்டுருப்பான்” என்றாள். அவள் மாரீஸ்வரனின் அக்கா; தங்கப்பாண்டியின் மனைவி.

தங்கப்பாண்டிக்கு வயிற்றில் புற்று. மதுரையில் எல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் நல்லது என்று அனுப்பிவிட்டார்கள். உத்தரகோசமங்கைக்குத் தெற்கே இந்த ஊருக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கே ராக்கு தம்பிக்குப் போன் போட்டாள். “வாரதுன்னா இப்ப வா. பெறகு வந்து யாரைப் பாக்கப் போற?” போனை வைத்துவிட்டாள். திருவாடானைப் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு மாரீஸ்வரன் பஸ் ஏறினார்.

அந்த வீட்டு வாசற்படியை அவர் மிதித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா மகள் ஈஸ்வரியைத் தன் மகனுக்குத்தான் எடுக்கப்போவதாகச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அவர். ஈஸ்வரி சென்னைக்குப் படிக்கப் போனாள். கூடப் படித்த மதிவாணனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். தங்கப்பாண்டி மகளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கல்யாணத்துக்கு மாரீஸ்வரன் போகவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமலே அந்தப் பெண் மணையில் உட்கார்ந்தாள். பிறகு அவர் மகனுக்கும் நல்ல இடத்தில் பெண் அமைந்து, பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது. கோபத்துக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனால் எந்த முகத்தோடு போய் எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமலே காலம் ஓடிவிட்டது.

வந்த அன்றைக்கு இருவருக்கும் நடுவில் மின்விசிறிதான் பேசிக்கொண்டிருந்தது.

“பஸ்ஸு கெடச்சுச்சா?”

“கெடச்சுச்சு.”

“அங்கன மழையா?”

“தூத்தல்தான்.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தலைமாட்டில் இருந்த தடித்த நாவலைத் தங்கப்பாண்டி விரலால் காட்டினார். “கண்ணு மங்கிப்போச்சு மாப்ள. வாசிக்கிறயா? மருமகன் குடுத்தது. கொஞ்சம் கஷ்டமா இருக்கும் மாமான்னாரு. பாதியில கெடக்கு. அவரு வந்தா கேப்பாரு.”

மருமகன் என்ற சொல் காதில் விழுந்ததும் மாரீஸ்வரனின் கை தயங்கியது. ஆனாலும் எடுத்தார். முப்பது வருடம் கவர்ன்மெண்டு பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தொண்டை. முதல் பக்கத்தை முடிப்பதற்குள் தங்கப்பாண்டி, “ஸ்டாப்பிங் சொல்ற மாதிரி வாசிக்காதலே. பக்கத்து வீட்டுக்காரன் எறங்கிப் போயிருவான்” என்றார். அடுப்படியில் ராக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருக்கும் என்று மாரீஸ்வரனுக்குத் தோன்றியது.

சிறையிலிருந்து விடுதலையாகி ஊர் திரும்பும் ஒருவனின் கதை அது. எழுதியவர் நேராக எதையும் சொல்லவில்லை. நடுநடுவே பழைய சொற்கள் பாறையாகக் குறுக்கே கிடந்தன. மாரீஸ்வரன் முட்டி நிற்பார். “மேல போ மாப்ள, அடுத்த பக்கத்துல பதில் கெடக்கும்” என்பார் தங்கப்பாண்டி. ‘அளறு’ என்று வந்தது. இரண்டு வரி தள்ளி, அவன் காலைக் கழுவினான் என்று இருந்தது. “சேறுடா. சேத்துல எறங்கியிருக்கான்” என்று தங்கப்பாண்டி கண்டுபிடித்தார். அப்படி ஒன்று பிடிபட்டுவிட்டால் அவருக்கு அரைமணி நேரம் வலி தெரியாது.

ஒரு நாள் சாயந்திரம், “கடல் வாய் திறக்கும்வரை புல்லில் கிடப்பேன் என்றான்” என்று ஒரு வரி வந்தது. கதையில் அதுவரை கடலும் கிடையாது, புல்லும் கிடையாது. மாரீஸ்வரன் முன்னே போய்ப் பார்த்தார், பின்னே வந்து பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

தங்கப்பாண்டி வெகுநேரம் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்துப் புத்தகத்தை மூடப்போனபோது, “திருப்புல்லாணிடா” என்றார். “ராமரு கடல்ட்ட வழி கேட்டுத் தர்ப்பைப் புல்லுல படுத்துக் கெடந்தாருல்ல. அதைச் சொல்றான். பொண்டாட்டிட்டப் பேச முடியாமக் கெடக்கான், அவ பேசட்டும்னு கெடக்கான்.”

“ஆமா மச்சான். நம்ம பக்கத்துல வச்சுக்கிட்டு எனக்குத் தோணல பாருங்க.”

“கடல் லேசுல வரல. அவரு கோவத்துல வில்லை எடுத்த பெறகுதான் வந்துச்சு.”

மாரீஸ்வரன் பக்கத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே, “அதுக்கு முன்னாடியே வந்துருக்கலாம்” என்றார்.

“வந்துருக்கலாம்” என்றார் தங்கப்பாண்டி.

அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை.

இப்போது இந்த நொதுமலர். மேலே போய்ப் பார்த்தும் பதில் கிடைக்கவில்லை. அடுத்த பக்கம் வேறு ஊர், வேறு ஆட்கள். காலையிலிருந்து தங்கப்பாண்டிக்கு மூச்சு ஒரு மாதிரியாக இழுத்துக்கொண்டிருந்தது. கஞ்சித் தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் அந்தச் சொல்லை விடவில்லை.

“யாருட்டயாச்சும் கேளு மாப்ள. தெரியாமப் போக வேணாம்.”

அவர் எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. ராக்கு முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கலைச்செல்வி டீச்சர் நினைவுக்கு வந்தார். மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுப்பவர். வருடக்கணக்காக மாரீஸ்வரனின் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போய்வந்தவர். வீட்டுக்குள் டவர் எடுக்காது. “இந்தா வாரேன் மச்சான்” என்று சொல்லிவிட்டு, மாரீஸ்வரன் ஊர்க்கோடியில் மிளகாய் காயப்போடும் களத்துக்குப் போனார். களம் முழுக்கச் சிவப்பாக விரிந்து கிடந்தது. நெடி மூக்கில் ஏறியது.

“நொதுமலரா? பூவெல்லாம் இல்லண்ணே” என்றார் டீச்சர். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. “பழைய சொல்லு. பகையும் இல்லாம, உறவும் இல்லாம இருக்கிறவங்க. அயலார்னு வச்சுக்கங்க. ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணுமில்லாதவங்க. எதுக்கண்ணே கேக்குறீங்க?”

“சும்மாதான் டீச்சர். ஒரு கதையில வந்துச்சு.”

போனைப் பையில் போட்டுவிட்டு மாரீஸ்வரன் அங்கேயே நின்றார். வேலையில் இருந்த கடைசி வருடம் நடந்தது ஒன்று நினைவுக்கு வந்தது. ராமநாதபுரத்தில் ஒரு மத்தியானம் தங்கப்பாண்டி அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார். வேண்டுமென்று ஏறினாரா, பார்க்காமல் ஏறினாரா, தெரியாது. மாரீஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த சீட்டுக்கு வந்தார். மற்றவர்களிடம் கேட்பதுபோலவே, “எங்க போகணும்?” என்று கேட்டார். தங்கப்பாண்டி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு ஊர்ப் பெயரைச் சொன்னார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார் மாரீஸ்வரன். இறங்கும்போது தங்கப்பாண்டி திரும்பிப் பார்த்தாரா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதற்குள் மாரீஸ்வரன் விசில் கொடுத்துவிட்டார்.

மிளகாய் நெடியில் கண் கரித்தது. துண்டால் துடைத்துக்கொண்டு நடந்தார். அர்த்தத்தைச் சொல்ல வேண்டாம். பூதான் மச்சான், நீங்க சொன்னதுதான் சரி, கண்மாய்க்கரையில பூக்குமாம் என்று சொல்லிவிடலாம். கைகழுவுறதுக்கு என்னலே சொல்ற என்று கேட்பார். கேட்கட்டும். அப்போது சொல்லிவிடலாம், அந்தப் பஸ்ஸில் நடந்ததை. எப்படித் தொடங்குவது என்று சொற்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்ததில் நடை மெதுவாகிவிட்டது.

தெருமுனை திரும்பும்போது ராக்குவின் சத்தம் கேட்டது.

ஓடினார். கட்டிலைச் சுற்றி அதற்குள் இரண்டு மூன்று பெண்கள் கூடியிருந்தார்கள். தங்கப்பாண்டியின் தலை வாசல் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு தம்பி” என்று அழுதாள் ராக்கு. “‘மாப்ள வந்துட்டானா, என்னவாம்’னு கேட்டாரு. தண்ணி குடுத்தேன். உள்ள எறங்கல.”

மாரீஸ்வரன் குனிந்து அந்தத் தலையை நேராக வைத்தார். கண்களை மூடிவிட்டார். யாரோ வேட்டி கிழித்துக் கொடுக்க, தாடையைச் சேர்த்துக் கட்டினார்.

ஈஸ்வரி வந்து சேர மறுநாள் காலையாகும் என்றார்கள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிச் சேலையை மாரீஸ்வரன்தான் எடுக்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? ராமநாதபுரத்துக்குப் போனார். ஜவுளிக்கடைப் பெண் சேலைகளை விரித்துப் போட்டபடி, “யாருக்குண்ணே, என்ன விசேஷம்?” என்று சிரித்த முகமாகக் கேட்டாள். “அக்காவுக்கு” என்றார். அவள் இன்னும் கொஞ்சம் பளபளப்பானவற்றை எடுத்துப் போட்டாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு தானாகவே மடித்து வைத்துவிட்டு வேறு அடுக்குக்குப் போனாள். பட்டும் சீர்த்தட்டுமாக அவர் நுழைந்திருக்க வேண்டிய வீடு அது. இத்தனை வருடம் கழித்து அந்த வீட்டுக்கு அவர் கொண்டுபோன முதல் சேலை கோடிச் சேலையாக இருந்தது.

மறுநாள் ஈஸ்வரி அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். எழுந்தபோது எதிரே மாரீஸ்வரன் நின்றிருந்தார். “மாமா” என்றாள். அவள் தலையில் கையை வைத்தவர், எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

பங்காளி மகன் கொள்ளி வைத்தான். எல்லாம் முடிந்து ஆண்கள் கண்மாயில் குளித்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மாரீஸ்வரன் இறங்கப்போகும்போது படித்துறை மேலேயே ஒருவர் தயங்கி நின்றுகொண்டிருந்தார். மதிவாணன். ஈஸ்வரியின் கணவர். கட்டிப் பழக்கமில்லாத வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் வாசிச்சுக் காட்டினீங்கன்னு அத்தை சொன்னாங்க” என்றார் மதிவாணன். “எதுவரைக்கும் போனீங்க?”

“பாதிக்கு மேல வந்துட்டோம். ஒரு வார்த்தையில நின்னுபோச்சு.”

“என்ன வார்த்தைங்க?”

மாரீஸ்வரன் தண்ணீரைப் பார்த்தார். அக்கரைக் கருவேலங்காட்டுக்கு மேல் சுடுகாட்டுப் புகை இன்னும் கலையாமல் நின்றது.

“ஏதோ ஒரு பூப் பேரு” என்றார்.

மதிவாணன் தலையாட்டிவிட்டுப் படியில் கால் வைத்தார். வைத்த கால் சறுக்கியது. இரண்டு படி கீழே போயிருந்த மாரீஸ்வரன் திரும்பி ஏறி வந்து கையை நீட்டினார்.

“பாசி வழுக்கும் மாப்ள. கையக் குடுங்க.”

ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். தண்ணீர் இடுப்புக்கு வந்த பிறகும் அவர் பிடியை விடவில்லை.