அரசாங்கம் உட்கார்ந்த வாசல்

உலகத்தில் எத்தனையோ அரசாங்கங்கள் இருந்திருக்கின்றன. படையெடுத்தவை உண்டு, படுத்தே கிடந்தவையும் உண்டு. ஆனால் மூன்று மாடியோடும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியோடும் எழுந்து நின்று, தெருத்தெருவாக நடந்துபோய், குடிமக்கள் வாசலில் உட்கார்ந்து குறை கேட்ட அரசாங்கம் எங்கள் ஊருடையது ஒன்றுதான். அரசாங்கம் முதலில் எதைக் கவனிக்க வேண்டும் என்று மேல்மாடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆரம்பித்தபோது கருகருவென்று மீசை வைத்திருந்தவர்கள் நரைத்துப்போகும்வரை அது முடியவில்லை. சாலைதான் என்றார் ஒருவர், தண்ணீர்தான் என்றார் இன்னொருவர், முதலில் இந்த அறைக்கு ஓடுகிற மின்விசிறி ஒன்று வேண்டும் என்றார் மூன்றாமவர். கேட்டுக் கேட்டு அந்த அரசாங்கக் கட்டடத்துக்கே அலுத்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை முற்பகலில், தேநீர் வந்து சேர்ந்த நேரம் பார்த்து, சேற்றிலிருந்து காலை உருவுவதுபோல அஸ்திவாரத்தை உருவிக்கொண்டு அது எழுந்தது.

நேராகப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய் எதிரே உட்கார்ந்தது. அங்கே கடைசி மாடிக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறவரை நகரவில்லை. அப்புறம் கூரையில்லாத பள்ளிக்கூடம், அப்புறம் இடிந்த பாலம். கட்டடம் எங்கே உட்காருகிறதோ அதுதான் அவசரம். யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை, பேச வேண்டியவர்களெல்லாம் உள்ளே இருந்தார்கள். ஆட்சிகள் மாறின. புதிதாக வந்தவர்களும் நாற்காலியை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளப் பழகினார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வாளியில் வாந்தி எடுத்தது எங்கள் ஊர் அரசியலில் அதுவே முதல் முறை.

கட்டடம் நடப்பதை ஊரில் நம்பாத ஒரே ஆள் தராசுக்காரர். கடைகளின் தராசுகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். அவர் கை பட்ட தராசு ஈ உட்கார்ந்தாலும் காட்டிக்கொடுக்கும். அவர் நெஞ்சுக்குள்ளே இருந்த தராசு மட்டும் பிறவியிலேயே கோணல். அதன் ஒரு தட்டில் அவர், மறு தட்டில் அவருடைய சகலை. எப்போது பார்த்தாலும் சகலை தட்டுதான் கனத்தது. சகலை மெத்தைக் கடை வைத்திருந்தார். அக்காளை அவரும் தங்கையை இவரும் கட்டியிருந்தார்கள். சகலை நன்றாகத் தூங்குகிறார் என்பதே தராசுக்காரருக்கு ஒரு குறை. சகலை தும்மினால்கூட, தன் தும்மலைவிட நீளமாகத் தும்முகிறார் என்று கணக்குப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் கண்ணெதிரே, ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், கட்டடம் தண்ணீர்த் தொட்டி தளும்பத் தளும்ப நடந்துபோய்ச் சகலை வீட்டு வாசலில் உட்கார்ந்தது. அந்தத் தெருச் சாக்கடை பொங்கி வீட்டுக்கு வீடு காய்ச்சல், அதனால் வந்தது. தராசுக்காரர் காதில் அது விழவே இல்லை. அரசாங்கம் அவன் வாசலில் உட்கார்ந்தது என்பது மட்டும்தான் விழுந்தது. அதுவும் ஒரு நாளா, இரண்டு நாளா? மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்தது. நடந்து நடந்து இடுப்பு விட்டுப்போன அதிகாரிகள் ஆளுக்கொரு திண்டு வாங்க, சகலை கடையில் பஞ்சு தீர்ந்து மேகத்தைப் பறித்து அடைத்தார்கள் என்று பேச்சு. நானே அப்படி ஒரு திண்டில் உட்கார்ந்திருக்கிறேன், லேசாக ஈரம்.

தராசுக்காரர் தேநீர்க் கடையில் வந்து சத்தியம் செய்தார்.

“கட்டடமாவது நடக்குறதாவது! ராவோட ராவா அவன்தான் தன் வீட்டைத் தூக்கிட்டுப் போய் ஆபீஸ் எதிர்ல வச்சிருக்கான்.”

“ஏன்யா, அப்ப தெருவையும் அவர்தான் தூக்கிட்டுப் போனாரா?” என்றார் கடைக்காரர்.

“மெத்தை தூக்குற கைதானே? தூக்குவான்.”

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், இனிமேல் அந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் அக்காளும் தங்கையும் உட்கார்ந்து ஊர்க் கதையெல்லாம் பேசிச் சிரிக்கிற வழக்கம் அத்தோடு நின்றது. சாப்பாடு வந்தது, துணி துவைத்து மடித்து வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. தராசுக்காரர் அதைக் கவனிக்க நேரமில்லாதவராக இருந்தார். ஊரில் நம்பாதவர் அவர்தான் என்றாலும், கட்டடத்தை வரவழைக்க அவரைப்போல் பாடுபட்டவர் யாரும் இல்லை. தெரு உண்டு களைத்துத் தூங்கும் மத்தியானத்தில் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டுச் சாக்கடையைத் தானே உடைத்தார். குழாயைத் திருகி ஒழுகவிட்டார். சுவரில் விரிசல் போதாதென்று உளியால் நீட்டினார். அது கோபித்துக்கொண்டு பக்கத்து வீடு வரை ஓடியது. சகலை வீட்டுச் சாக்கடையைவிடத் தன் சாக்கடை நன்றாக நாறுகிறதா என்று முகர்ந்து பார்க்க இரண்டு தெரு நடந்து போவார். திருப்தியோடு திரும்பி வருவார்.

கட்டடம் அவர் தெரு வழியாகப் பலமுறை போனது. ஒவ்வொரு முறையும் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். அது அவர் உடைத்து வைத்த சாக்கடையைச் சுற்றி, சேறு படாமல் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்துப் போய்விட்டது. நிழல் மட்டும் அவர் முகத்தில் விழுந்து விலகியது. அப்படியே வருஷங்கள் ஓடின. ஊருக்கெல்லாம் கிடைத்த மரியாதை தனக்கில்லையே என்று வெந்து வெந்து, அவர் பக்கத்தில் நின்றால் குளிர்காலத்தில் கை காயலாம் என்று ஆகிவிட்டது.

இதற்கிடையில் அக்காள் படுத்த படுக்கையானாள். எழுந்தால் தலை சுற்றியது, சாப்பிட்டது தங்கவில்லை, தங்கச்சி வந்தாளா என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. சகலை வந்து வாசலிலேயே நின்று சொன்னார். “சகலை, நம்ம சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். ஒரு நாள் அனுப்பி வைங்க.” சகலை தன் வாசலில் வந்து கெஞ்சுகிறார் என்கிற ருசியை இன்னும் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொள்ளலாம் என்று தராசுக்காரர் நினைத்தார். “பார்ப்போம்” என்றார். உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. எடுத்துவைத்த சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலை கட்டடம் வந்தது. தெருமுனையில் திரும்பும்போதே ஓடியது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூச்சு வாங்க, ஜன்னல்கள் படபடக்க, தராசுக்காரர் வாசலில் வந்து தொப்பென்று உட்கார்ந்தது. அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கதவு திறந்து ஒரு பெண் அதிகாரி எட்டிப்பார்த்தாள்.

“வாங்க, வாங்க! இதோ சாக்கடை, இதோ குழாய், சுவரைப் பாருங்க, இப்பவோ அப்பவோன்னு நிக்குது...”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். வீட்ல வேற யார் இருக்காங்க?”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னம்மா வேணும் என்று அதிகாரி கேட்டாள். அவ்வளவு காலமாக வீட்டில் கேட்காத குரலில் அவள் சொன்னாள். “எங்கக்காவைப் பாக்கணும்.”

தராசுக்காரருக்கு உச்சந்தலை கொதித்தது. “இது வீட்டு விஷயம்! ஊருல எவ்வளவு பிரச்சினை கிடக்கு, இதுவா அரசாங்கத்துக்கு அவசரம்?”

“அதை நாங்க தீர்மானிக்கிறதில்ல சார்” என்றாள் அதிகாரி. “எங்களுக்கும் இங்க வந்து உட்கார்ந்ததும்தான் தெரியும்.”

மனைவி படியேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. கட்டடம் அவளை உள்ளே வைத்துக்கொண்டு, தளும்பாமல், நிறைகுடம் சுமப்பதுபோல நடந்தது. தராசுக்காரர் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடினார். போய்ச் சேர்ந்தபோது தங்கை மடியில் அக்காள் தலை இருந்தது. இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் நுழைந்து, விட்டுப்போன வருஷங்களையெல்லாம் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். தன்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடுமோ என்று அவர் வாசலிலேயே நின்றார். அக்காள் பிழைத்தாள். இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தாள். கட்டடம் அதுவரை அங்கேயே இருந்தது. வேறு அவசரம் எதுவும் அதற்குத் தெரியவில்லை.

தேநீர்க் கடையில் பேச்சு வந்தது. சகலையும் இருந்தார். வெளியூர் லாரிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கட்டடம் நடந்துச்சாம், ஒரு பொம்பளைக்காக ஓடுச்சாம். யார் காதுலய்யா பூ சுத்துறீங்க?” எல்லோரும் தராசுக்காரரைப் பார்த்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஓடுச்சுய்யா” என்றார். “சகலை வீட்டுக்கு நடந்துதான் வந்துச்சு. என் வீட்டுக்கு ஓடி வந்துச்சு.” பிறகு சகலையைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார். “எனக்காக வரல. ஆனா வந்துச்சு. நான் பாத்தேன்.”