இரண்டு வாசல் அடுப்பு

கடைக்குள் நுழைந்ததும் முஸ்பிறா கேட்டது விலையை அல்ல.

"காக்கா, அந்தப் பெரிய ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப ஏலுமா?"

கல்முனைக் கடைவீதியில் மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு வியர்க்கிறதாக்கும் என்று நினைத்து, கடைக்கார அப்ராஸ் ஃபேனைத் திருப்பிவிட்டான். அவளோ கைப்பைக்குள்ளிருந்து ஒரு கட்டு சாம்பிராணிக் குச்சியையும் தீப்பெட்டியையும் எடுத்தாள்.

"தங்கச்சி, இது கடை."

"தெரியும் காக்கா. புகை எங்கால போகுது எண்டு பாக்கத்தான்."

கூடப் பிறந்த ராத்தாவும் அவள் கணவர் ஜெஸீமும் கூட வந்திருந்தார்கள். ஜெஸீம் மச்சான் தூணில் சாய்ந்து சிரித்தார். "நீ பேசாம இரி அப்ராஸ். இவ பின்னேர வகுப்புக்குப் போறவ. அடுப்புக்கும் சோதினை வெச்சுத்தான் எடுப்பா."

முஸ்பிறா கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவினாள். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு பார்பிகியூ அடுப்பு வாங்கியவர் இதே மச்சான்தான். குடும்பமே கடற்கரையில் பாய் விரித்திருந்தது. பகல் முழுக்கக் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடித்தது; புகையும் கடலுக்கே போனது. பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று திரும்பியது. திரும்பிய காற்று அடுப்புக்குள் புகுந்து, புகையையும் சாம்பலையும் அள்ளி உம்மா இருந்த பாயில் கொட்டியது. உம்மா நஸீறாவுக்கு மூச்சிழுப்பு வந்து, ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் உம்மா கடலில் கால் நனைப்பது. "இனி நான் வரல்ல. நீங்க போங்க," என்று சொல்லிவிட்டார்.

"புகை உங்கள்ல படாத அடுப்பு நான் எடுத்துத் தாறன்," என்று இந்த வருடம் முஸ்பிறா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஒருக்கா வந்து பாக்கன். பட்டுதெண்டா அதோட சரி," என்றார் உம்மா.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. அன்றிலிருந்து பதினேழு நாட்கள், லுஹர், அஸர், மஃரிப் என்று மூன்று தொழுகை நேரமும், கொடியில் காய்கிற உடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து நாட்குறிப்பில் எழுதினாள். பதினைந்து நாள் அஸரின்போதே காற்று திரும்பியிருந்தது. இரண்டு நாள் திரும்பவில்லை. அந்த இரண்டின் கீழும் கோடு போட்டு வைத்திருந்தாள்.

முதல் சோதனை, ஜெஸீமுக்குப் பிடித்த அடுப்புக்கு. கண்ணாடிபோல் மினுங்கியது, சில்லும் இருந்தது. குச்சியை உள்ளே கொளுத்தி வைத்து, காற்று மறுபக்கமிருந்து வருவதுபோல் அடுப்பைத் திருப்பியதும் புகை நேரே அப்ராஸின் முகத்துக்கு வந்தது. அவன் இருமினான்.

"போன வருஷம் எடுத்ததுக்கு இது தம்பிதான்," என்றாள் ராத்தா.

இரண்டாவதில் புகை உள்ளேயே சுற்றி, குச்சி அணைந்துபோனது. முஸ்பிறாவின் பார்வை மூலைக்குப் போனது. பிளாஸ்டிக் வாளிகளுக்குக் கீழே நீளமான, கறுத்த உருளையொன்று கிடந்தது. இரண்டு முனையிலும் சின்னக் கதவுகள்.

"அதுவா? ஒருத்தரும் எடுக்கிறல்ல. பேக்கரிப் போறணை மாதிரி இரிக்கி," என்றான் அப்ராஸ்.

காற்று நுழைகிற கதவைக் கொஞ்சமாகவும் மற்றதை முழுதாகவும் திறந்தாள். புகை நூல் பிடித்ததுபோல் மறுமுனையால் போனது. திருப்பிவைத்து, கதவுகளை மாற்றிப் பார்த்தாள். அதேதான். மூன்று தரம் செய்தாள். நாலாம் தரம் ஃபேனை முழு வேகத்துக்கு ஏற்றியவன் அப்ராஸ்.

பெருநாளுக்கு மறுநாள் அந்தக் கறுப்பு உருளை கடற்கரையில் இறங்கியது. ஒரு வாசல் கடலுக்கு, மற்றது ஊருக்கு. பாயை அவள் அடுப்புக்குத் தெற்கே, காற்றின் வழிக்கு விலக்கி விரித்தாள்.

"ஆக்கள் கடலைப் பாக்க வாற. நீ எங்கள வடக்கால பாண்டிருப்பு ஊரைப் பாக்க வெச்சிரிக்காய்," என்றார் ஜெஸீம்.

உம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாயின் ஓரத்தில் இருந்தார், எந்த நேரமும் எழும்பத் தயாராக.

சிரட்டைக் கரி கனிந்தது. பெருநாளுக்கு அறுத்த குர்பான் இறைச்சி கம்பியில் சீறியது. புகை கடலுக்குப் போனது. அஸர் தொழுது வந்தார்கள், காற்று திரும்பவில்லை. கோடு போட்ட நாட்களில் ஒன்றாக இருக்குமோ என்று முஸ்பிறா நினைத்தாள். ஐந்து மணியும் தாண்டியது.

பிறகு கச்சான் நின்றது. அப்படியே நின்றுவிட்டது. புகைக்குப் போக இடமில்லை. அடுப்பைச் சுற்றிக் குடைபோல் விரிந்து பாயை நோக்கி வந்தது. இப்படியொரு நேரம் அவளுடைய நாட்குறிப்பில் இல்லை. மூன்று நேரம் எழுதியவளுக்கு இடையில் நடந்தது எப்படித் தெரியும்? உம்மா கையை ஊன்றி எழும்பத் தொடங்கினார்.

முஸ்பிறா இரண்டு வாசலையும் அடித்துச் சாத்தினாள். மூடியையும் இறுக்கினாள்.

"இறைச்சி அவிஞ்சு போகும் புள்ள, திற."

"பொறுங்க மச்சான்."

"நெருப்பு நூந்திரும்."

"பொறுங்க எண்டன்."

கைப்பிடியில் கையை வைத்தபடி அவள் உம்மாவின் முந்தானையையே பார்த்தாள். பதினேழு நாள் கொடியைப் பார்த்த கண். துணி தொங்கியது. தொங்கியது. பிறகு தலைப்பு மெல்ல அசைந்து, எழும்பி, ஊர்ப்பக்கம் சரிந்தது.

கடல் வாசலைக் கொஞ்சம் திறந்தாள். ஊர் வாசலை முழுதாகத் திறந்தாள். உள்ளே கரி ஒருதரம் மூச்சிழுத்துச் சிவந்தது. புகை பாயைத் தொடாமல், ஆளில்லாத மணலுக்கு மேலால் ஊர்ப்பக்கம் நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது.

மூடியைத் திறந்தபோது இறைச்சி ஓரம் முறுகி, நடு மெத்தென்று இருந்தது. ஜெஸீம் ஒரு துண்டை ஊதி ஊதித் தின்றுவிட்டு, பக்கத்துப் பாய்க்காரர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "அடுப்பு நாங்க பாத்துப் பாத்து எடுத்த."

"நீங்க எடுத்தது போன வருஷத்து அடுப்பு, மருமகன்," என்றார் உம்மா.

அவர் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்திருந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஈரமணலில் இறங்கினார். ஓர் அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மகள், எனக்குரிய இறைச்சித் துண்ட இஞ்ச கொண்டு வா. நான் இப்ப கரைக்கு ஏற மாட்டன்."