கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு வணக்கம்

டமார்... என்ன அது, டயரா, துப்பாக்கியா, அடிசா முன்சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார், முன்னால் போன போலீஸ் வண்டியின் சைரன் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் ஊளையிட்டுக்கொண்டே இருந்தது, டிரைவர் முஃபு போட்ட பிரேக்கில் மடியிலிருந்த பேச்சுத் தாள்கள் காலடியில் சிதறிவிட்டன... துப்பாக்கி இல்லை, வண்டிதான், எதிரே வந்த ஏதோ வேனைப் போலீஸ் வண்டி ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது, அது சாலையோரப் பள்ளத்துக்குள் ஒருபக்கமாகச் சரிந்து கிடக்கிறது. "ஒண்ணுமில்லைங்கய்யா, ஏதோ ரொட்டி வேன்," என்றான் முன்சீட்டில் இருந்த உதவியாளன் லாடிபோ, திரும்பிக்கூடப் பார்க்காமல். "ரெண்டு நிமிஷத்துல வழி பண்ணிடுவாங்க, கவர்னர் வர்றதுக்கு முன்னாடி நாம போய்ச் சேர்ந்துடலாம்." ரொட்டி வேன்... அடிசா கறுப்புக் கண்ணாடியில் நெற்றி படுமளவு குனிந்து பார்த்தார், திறந்துகொண்ட பின்கதவு வழியாக ரொட்டிகள் சேற்றில் கொட்டிக் கிடந்தன, வேனின் வயிற்றில் நீல எழுத்தில் 'அமோகே ரொட்டி', கடைசி எழுத்து மட்டும் மற்றவற்றைவிடச் சின்னது, இடம் போதாமல் நெருக்கி எழுதிய எழுத்து, எழுதியவன் வேறு யாருமில்லை, அவர்தான், இருபத்தைந்து வயதில், சட்டையெல்லாம் பெயின்ட்டோடு, "இடம் பார்த்து எழுதத் தெரியாதா உனக்கு, என் ரொட்டியோட வாலை நறுக்கிட்டியேடா" என்று அக்கா சிரிக்கச் சிரிக்க...

அக்கா உள்ளே இருக்கமாட்டாள். அவள் ஏன் வேனில் வரப்போகிறாள், இந்த வயதில், இடுப்பு வலியோடு, டிரைவர் வைத்திருப்பாள்... அப்படி நினைத்து முடிப்பதற்குள் மேல்பக்கமாக இருந்த கதவு திறந்தது, முதலில் ஒரு கை, மாவு படிந்த கை, பிறகு அவிழ்ந்து தொங்கும் தலைத்துணி, பிறகு அமோகே அக்காவே முழுதாக வெளியே வந்து, பள்ளத்தின் கரையைப் பிடித்து ஏறி நின்றாள். அடி ஒன்றும் படவில்லை. நடக்கிறாள், துணியை உதறுகிறாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, அந்த மூச்சு பாதியில் நின்றது, ஏனென்றால் இனிமேல் அவர் இறங்க வேண்டும். சாலையில் தம்பியின் வண்டி, அக்கா பள்ளத்தில், தம்பி இறங்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது... ஆனால் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

பள்ளம். அதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒகேவோ ஊருக்குள் நுழையும் இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவர், பொதுப்பணித் துறைக்கு அமைச்சரான முதல் மாதத்தில் போட்ட முதல் கையெழுத்து. வெட்டினார்கள், ஆள் மட்டத்துக்கு வெட்டினார்கள், சிமென்ட் போட வேண்டிய காண்டிராக்டர் கவர்னரின் மைத்துனனுக்கு வேண்டியவன், வெட்டியதோடு வேறு ஊருக்குப் போய்விட்டான், கேட்கலாமா என்று ஒருமுறை நினைத்தார், பட்ஜெட் முடியட்டும் என்று நினைத்தார், மழைக்காலம் முடியட்டும், தேர்தல் முடியட்டும்... இத்தனை மழையில் பள்ளம் அகன்று அகன்று சாலையைத் தின்றுவிட்டது. அக்காவின் பேக்கரி வாசலிலும் இதே பள்ளம்தான், ரொட்டி வாங்க வருபவர்கள் பலகை மேல் நடந்து வருகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அக்கா சொல்லவில்லை. போனில் அவள் சொல்வதெல்லாம் சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு, பிள்ளைங்க எப்படி... வாராவாரம் பஸ் டிரைவரிடம் இரண்டு ரொட்டி கொடுத்தனுப்புகிறாள் தலைநகரத்துக்கு, அது வாசல் காவலாளிகளோடு நின்றுவிடுகிறது, அவர்கள் அகாரா வடையோடு பிய்த்துத் தின்பதை ஒருநாள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், போய் ஒரு துண்டு கேட்கலாமா என்றிருந்தது, அமைச்சர் காவலாளியிடம் ரொட்டி கேட்பதா...

லாடிபோ தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினான், வெளியின் சத்தமும் சேற்று வாசனையும் சுட்ட ரொட்டி வாசனையும் சேர்ந்து உள்ளே புகுந்தன. சார்ஜென்ட் பிட்ரஸ் கையில் தோல் சாட்டையோடு அக்காவின் முன்னால் நின்றான். "ஏம்மா, சைரன் சத்தம் காதுல விழலையா?" "விழுந்துச்சுப்பா. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் நீ, எங்கே ஒதுங்கச் சொல்றே, மரத்து மேலயா?" கூடியிருந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் சிரித்தார்கள். இந்த நாக்குக்கு வயதே ஆகாதா... அடிசாவுக்கும் சிரிப்பு வந்தது, உதட்டிலேயே அடக்கிக்கொண்டார், அடக்க வேண்டிய தேவையே இல்லை, இந்தக் கண்ணாடிக்குள் அவர் சிரித்தால் யாருக்குத் தெரியும், அழுதால்தான் யாருக்குத் தெரியும். "பெரிய மனுஷன் அவசரமாப் போறார்மா, வழியை விடு!" என்று பிட்ரஸ் கத்தினான், "அட போய்யா, உள்ள எந்தப் பெரிய மனுஷன் இருக்கான்," என்றான் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன், "காலி டப்பாவை உருட்டிக்கிட்டு பெப்பர் சூப் குடிக்கப் போறீங்க, எங்களுக்குத் தெரியாதா?" மறுபடி சிரிப்பு. அதுவும் பொய்யில்லை, போன வருடம் இந்தப் போலீஸ் பையன்கள் இதே வண்டிகளைச் சைரனோடு எடுத்துக்கொண்டு போய் லாடிபோவின் கல்யாணத்துக்கு ஆடு ஏற்றி வந்தார்கள், கேள்விப்பட்டபோது அடிசா வயிறு குலுங்கச் சிரித்தார், திட்டியிருக்க வேண்டும், சிரித்தார்.

எங்கே ஆரம்பித்தது இது... இதே சாலையில்தான். ஒரு மழைக்காலம் சாலை அடித்துக்கொண்டு போய்விட்டது, ரொட்டி வேன் அக்கரையில், ஊர் இக்கரையில், சுட்ட ரொட்டியெல்லாம் பூசணம் பிடித்தது, அவர் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார், யாரும் என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு மாவு பிசைந்துகொண்டே அக்கா சொன்னாள், "அந்த பெஞ்சில போய் உட்கார்றதுக்கு, அந்த நாற்காலியிலேயே போய் உட்காரேன்டா. ஊர்ல உன்னைத் தெரியாத வீடு எது?" உண்மைதான், தெரியாத வீடு இல்லை, விடியலில் வேனின் ஹாரனை அடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நிறுத்துவார், வீடு கட்டுகிறவனுக்கு அதற்கேற்ற வணக்கம், பிள்ளை பெற்றவளுக்கு அதற்கேற்ற வணக்கம், சாவு விழுந்த வீட்டில் ரொட்டியை வைத்துவிட்டுத் துக்கத்துக்கான வணக்கம், வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, வேலை செய்கிறவருக்கு ஒன்று, சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று... மூத்தவர்கள் என்றால் இறங்கி, கையைத் தரையில் ஊன்றிக் குனிவார், வண்டியில் உட்கார்ந்தபடியே மூத்தவரை வணங்குகிறவன் வளர்ப்பு சரியில்லாதவன். "இந்தப் பையனுக்கு வணங்கத் தெரியும்" என்றுதான் ஓட்டுப் போட்டார்கள், வேறு எதற்கும் இல்லை. கவுன்சிலர், பிறகு மாநிலச் சட்டமன்றம், பிறகு அமைச்சர், இன்றைக்குக் கவர்னர் மேடையில் கையைத் தூக்கிப் பிடித்தால் அடுத்த துணைக் கவர்னர் வேட்பாளர்...

முதல் தடவை நிறுத்தத்தான் சொன்னார். சட்டமன்றத்தில் பதவி ஏற்றபின் முதன்முதலாக சைரனோடு இந்த வழி வந்த நாள், பேக்கரி வாசலில் அக்கா நின்றிருந்தாள், மாவுத் துணியை ஆட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, நிறுத்து நிறுத்து என்றார், இங்கே நிறுத்தக்கூடாதுங்க, பாதுகாப்பு என்றான் அப்போதிருந்த போலீஸ்காரன், அதற்குள் கடந்துவிட்டது. அவர் உள்ளே இருந்தபடி குனிந்து வணங்கினார், வேலை செய்கிறவருக்கான வணக்கத்தை வாய்விட்டுச் சொன்னார், அக்கா பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கண்ணாடி கறுப்பு என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. பிறகு தெரிந்தது, தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்தே வணங்கினார், எப்படியும் சொல்லிவிட்டோமே, கணக்கில் சேராதா... பிறகு உதடு மட்டும் அசைந்தது, பிறகு பேக்கரி வளைவு வரும்போது போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், மறுமுனையில் யாரும் இல்லாமலே. போனில் அக்காவிடம் மட்டும், "அந்தப் பக்கம் வந்தா வராம இருப்பேனாக்கா?" என்பார். வருஷங்கள்... ஏன் அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை? வாசல் வழியாகத்தானே போகிறாய், நிற்க மாட்டாயா என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால், அடுத்த தடவையே நிறுத்தியிருப்பார், காலில் விழுந்து எழுந்து அவள் கையால் ஒரு துண்டு ரொட்டி வாங்கித் தின்றிருப்பார். கோபமா, வெறுத்துவிட்டாளா, வெறுத்தவள் வாராவாரம் ரொட்டி அனுப்புவாளா...

"ஐயா, கூட்டம் சேருது, பின்னாடி வண்டியில பத்திரிகைக்காரங்க வேற இருக்காங்க," என்றான் லாடிபோ. "அந்தக் கிழவியை இழுத்து ஓரமா விடச் சொல்லட்டுமா?" கிழவி. அவன் தலைநகரத்துப் பையன், அவனுக்குத் தெரியாது, அக்காவை அவன் பார்த்ததே இல்லை, காட்டியதும் இல்லை. இப்போது சொல்லலாம், அது என் அக்கா என்று மூன்றே வார்த்தை, சொன்னால் இறங்க வேண்டும், இறங்கினால் நின்றுகொண்டு பேச முடியாது, மூத்தவள், ஊர் முழுக்கப் பார்க்கிறது, தரையில் படுத்துத்தான் வணங்க வேண்டும், அந்தச் சேற்றில், கவர்னருக்காகத் தைத்த வெள்ளை அங்கியோடு, பத்திரிகைக்காரன் படம் எடுப்பான், அமைச்சர் வெட்டிய பள்ளத்தில் அமைச்சரின் அக்கா என்று போடுவான், மேடையில் வேறு எவன் கையையோ கவர்னர் தூக்குவார்... இல்லையென்றால் இரண்டு நிமிடம், லாடிபோ சொன்ன அந்த இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வழி கிடைத்துவிடும், சாயங்காலம் போன் பண்ணி, அடடா அப்படியா நடந்துச்சு, உனக்கொண்ணும் ஆகலையேக்கா என்று கேட்கலாம், புது வேன்கூட வாங்கி அனுப்பலாம். அவருக்கே உடம்பு கூசியது. அந்த வார்த்தைகள் அவ்வளவு சரளமாக வந்தன, பொய் சொல்லப்போகிறோம் என்று ஒரு தடவை யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சாட்டை சொடுக்கியது. அக்கா மேல் இல்லை, வேனின் மேல்தான், 'அமோகே' என்ற எழுத்தின் குறுக்கே, ஆனால் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள், அவ்வளவு பேசியவள் சட்டென்று சின்னவளாகி, கீழே கிடந்த ஒரு ரொட்டியை எடுத்து இடுப்புத் துணியில் துடைக்கத் தொடங்கினாள், துடைத்தால் விற்றுவிடலாம் என்பதுபோல... அடிசா கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. கைப்பிடி எங்கே, இதுவா, இதுவா, இத்தனை வருடமும் யாரோ வெளியிலிருந்து திறந்துவிட்டார்கள், உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. "முஃபு, கதவைத் திற." "ஐயா, கவர்னர்..." என்று லாடிபோ ஆரம்பித்தான். "முஃபு!" பூட்டு விடுபடும் சத்தம். குளிரிலிருந்து வெயிலுக்கு வந்ததும் கண் இருண்டது, வெள்ளைச் செருப்பு சேற்றில் புதைந்து அங்கேயே நின்றுவிட்டது, வெறுங்காலோடு நடந்தார், பிட்ரஸ் விறைத்து சல்யூட் அடித்தான், சாட்டை பிடித்த கையாலேயே. மஞ்சள் சட்டைக்காரன் வாயைப் பிளந்தான். யாரோ சைரனை நிறுத்தினார்கள், ஊரே திடீரென்று செவிடானதுபோல் இருந்தது.

அவர் படுத்தார். முழங்கை, மார்பு, நெற்றி, ஒரு ரொட்டி கன்னத்துக்குப் பக்கத்தில் இன்னும் சூடாக இருந்தது. வேலை செய்கிறவருக்கான வணக்கத்தைச் சொன்னார், சத்தமாக, வேன் ஓட்டிய காலத்துக் குரலில், பிறகு காத்திருந்தார், முதுகில் ஒரு கை விழும், எழுந்திருடா என்பாள், எப்போதும் அப்படித்தான், கை விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும், வாய்க்கால், காண்டிராக்டர், காவலாளி தின்ற ரொட்டி, எல்லாம்... இன்னும் ஏன் கை விழவில்லை? தலையைத் தூக்கிப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், திறந்தபடி நின்ற கார்க் கதவுக்குள், சிதறிய தாள்களையும் அவர் உட்கார்ந்து அமுங்கிய இருக்கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கார் அவளுடைய வாசல் வழியாகப் போன நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறவள் போல. கோபம் இல்லை அந்த முகத்தில், அவர் அத்தனை வருடம் பயந்த கோபம் துளியும் இல்லை. மஞ்சள் சட்டைக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டான். அக்கா மெதுவாகக் குனிந்தாள், வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல.

"உள்ளே நீயாடா இருந்தே... உள்ளே இருந்தா என் தம்பி நிறுத்தாமப் போகமாட்டான்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனே, அடிசா?"