உள்ளிருந்து வரும் அனல்

விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு மலைபோலக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் விட்டார்கள். இந்தப் பக்கம் தொப்பலாக நுழைவது அந்தப் பக்கம் விறைத்து வெளியே வந்தது. உருளையின் வாயருகே நின்றவளைச் சலவைக்கூடத்தில் ‘ஏனக்கா’ என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்காமல் அவள் விட்டதில்லை.

மாதவிலக்கு வந்தால் அவள் சுருண்டு விழுந்துவிடுவாள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் வளர்கிறது என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா கண்டுபிடிப்பதற்குள் பாதி ஆயுள் போயிருந்தது. மாசம் ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்தார். வயிற்றில் பிள்ளை இல்லை என்பதைச் சோதித்த பிறகுதான் நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தாள்.

“இது உள்ள போய் என்னங்க பண்ணும்?”

“சினைப்பையை வேலை செய்யச் சொல்லி மூளையிலேருந்து சேதி வரும். அந்தச் சேதியை இது நிறுத்தி வச்சிடும். விலக்கு நிக்கும், வலியும் அடங்கும்.”

“வயித்துல குத்தினா மூளைக்கு எப்படிங்க தெரியும்?”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரத்தத்தோட போகும்ல? இன்னும் கேளுங்க. முதல்ல கொஞ்ச நாள் வலி கூடும், பயந்து விட்டுடாதீங்க. அடுத்த ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. எலும்பு தேயும், அதனால கால்சியம் மாத்திரையை விடாதீங்க. திடீர்னு மண்டையைப் பிளக்குற தலைவலி, கண்ணு மங்குறது, மனசு ரொம்ப சோர்ந்து போறது, எதுன்னாலும் உடனே ஓடி வாங்க. அப்பப்ப குபுகுபுன்னு அனல் அடிக்கும். சூடான இடத்துல மட்டும் நிக்காதீங்க.”

“சரியாப் போச்சு! நான் நிக்கிறதே அங்கதான்.”

லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்த புருஷனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

“விலக்கே நின்னுடும்னா இனிமே பிள்ளை உண்டாகுற பயமில்லன்னு சொல்லு.”

“அப்படி நம்பக் கூடாதாம். உறை போட்டுக்கணுமாம்.”

“இதெல்லாமா நர்ஸுகிட்ட கேட்ட?” அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

சொன்னதுபோலவே முதலில் வலி கூடியது. “இருக்கற வலி போதாதுன்னு ஊசி குத்தி வேற வாங்கிட்டு வந்தியா? விட்டுத் தொலை,” என்றாள் மூத்த நாத்தனார்.

“கூடும்னுதான் சொன்னாங்க அண்ணி. சொன்னபடிதான் நடக்குது.”

பிறகு வலி ஓய்ந்தது. விலக்கும் வரவில்லை. எங்கேயோ வைத்துவிட்ட சாவியைத் தேடுகிறவள்போல ஏனக்கா அடிவயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்தாள். இல்லவே இல்லை.

வலி போன இடத்தில் அனல் வந்தது. விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் பெண்ணிடம், “வருது பாரு. நெஞ்சுலேருந்து கிளம்பிடுச்சு. இப்போ கழுத்து. இந்தா, காதைத் தொட்டுப் பாரேன்,” என்பாள்.

“அய்யோ, சுடுதுக்கா!” இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆனால் உருளையருகே வந்த அனல் லேசில் இறங்கவில்லை. ஒருநாள் கண் இருட்டி, கை உருளையின் வாய்க்கு நழுவியது. மறுமுனைக்காரி ரவிக்கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் விரல்கள் போயிருக்கும்.

ஏனக்கா மேற்பார்வையாளரிடம் போனாள். “சார், ஜன்னலோரம் மடிக்கிற வேலைக்கு மாத்தி விடுங்க. ஊசி முடியறவரைக்கும் போதும்.”

“இங்க எல்லாருக்கும்தான் வேர்க்குது.”

“அவங்களுக்கு வெளியேருந்து வேர்க்குது. எனக்கு உள்ளேருந்தும் அடிக்குது சார்.”

“அப்போ ஊசியை நிறுத்து. உருளைக்குப் பழகின ஆளு நீதான். முடியலன்னா சொல்லிடு, கேட்டுக்கு வெளியே எத்தனை பேர் நிக்குதுன்னு பாத்தேல்ல?”

பார்த்திருந்தாள். திரும்பி வந்து விரிப்பைப் பிடித்தாள்.

அடுத்த ஊசிக்குப் போனபோது நர்ஸிடம் நடந்ததைச் சொன்னாள். “நிறுத்திடலாமான்னு தோணுதுங்க.”

“நீங்களா நிறுத்தாதீங்க, பழைய வலி திரும்பிடும். அனலைக் குறைக்க மாத்திரை சேர்க்கலாமான்னு டாக்டரம்மாகிட்ட கேக்குறேன். ஆனா இடத்தை மாத்தச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேங்க.”

நர்ஸ் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, தேவைக்கு மேல் சற்று நேரம் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா சேர்த்த புது மாத்திரையில் அனல் ஓரளவு குறைந்திருந்த ஒரு நாள் காலை உருளை சட்டென்று நின்றது. மெக்கானிக் ஓடி வந்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்து, கையை வைத்ததும் உதறினான்.

“இந்தச் சூட்டுல எப்படி சார் ஓடும்? பாவம், இதுக்குக் காத்தே இல்லையே.”

சாப்பாட்டு மணி அடிக்குமுன் ஆளுயர மின்விசிறி ஒன்று வந்து இறங்கியது. மேற்பார்வையாளரே அதைத் தள்ளிக்கொண்டு வந்து, சுவிட்சுப் பெட்டியைப் பார்த்து நிறுத்தினார். அசையாமலிருக்க அதன் கழுத்தைக் கயிற்றால் கட்டினார்.

“இதை யாரும் திருப்பக் கூடாது.”

உருளை மறுபடி சுழன்றது. ஏனக்காவுக்கு நெஞ்சில் அனல் கிளம்பியது. விரிப்பை விடாமல், கை எட்டிய மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து கழுத்தை நீட்டினாள். காற்று பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் முந்தானை நுனி மட்டும் லேசாக ஆடியது.