சம்பந்தி அளந்து வைத்த ஆறு ஹோஸ்

மூன்று நாளாக ட்ராக்டருக்கு அடியில் எண்ணெய்க் கறை. முதல் நாள் பொத்தான் அளவு, மறுநாள் உள்ளங்கை அளவு, இன்று காலையில் தட்டு அளவு. யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனதுபோல வெங்காயக்காரர் அதை முறைத்துப் பார்த்தார்.

யாரையும் நம்பாத மனிதர் அவர். டாக்டர் பத்து மாத்திரை கொடுத்தால் ஐந்தை விழுங்கிவிட்டு, மீதி ஐந்து இல்லாமலே குணமாகிறதா என்று பார்ப்பார். தராசு முள் நின்ற பிறகும் இன்னொரு தரம் நிறுக்கச் சொல்வார். ஆனால் தலைக்கு மேலே கறுத்துக்கொண்டு நின்ற மேகத்தை நம்பாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் கொட்டப்போகிறது என்று அவர் முழங்காலே சொன்னது.

அவருடைய கிடங்குக்கும் மதில் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, சந்துக்குள் வடிகால். போன வாரம் மேட்டு மண் சரிந்து வடிகாலை அடைத்துவிட்டது. அப்படியே மழை பெய்தால் தண்ணீர் நேராகக் கிடங்குக்குள்தான் போகும். உள்ளே ஒரு வருஷத்து வெங்காயம், முந்நூறு மூட்டை. அந்தச் சந்துக்குள் நுழையக்கூடிய வண்டி அவருடைய குட்டி ட்ராக்டர் ஒன்றுதான். அதற்கு முன்னால் மண் அள்ளும் பக்கெட் உண்டு. பக்கெட்டைத் தூக்கும் எண்ணெய் ஓடுகிற ரப்பர் ஹோஸ்தான் இப்போது கசிந்துகொண்டிருந்தது.

நேற்று மத்தியானமே அதற்கு ஒரு வழி பண்ணியிருந்தார். பழைய ஹோஸ் தொங்கலாக வளைந்து கிடந்ததைப் பார்த்தார். 'இந்த வளைவு எதுக்கு? அரை அடி கூடுதலா விக்கிறதுக்குக் கம்பெனிக்காரன் பண்ற தந்திரம்' என்று முடிவு கட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கயிற்றை விறைப்பாக இழுத்து அளந்தார். கடைவீதிக்குப் போய் அந்த அளவுக்கே ஒரு ஹோஸ் செய்து வாங்கி வந்து, ட்ராக்டர் பக்கத்தில் ஒரு கோணிப்பையின் மேல் வைத்திருந்தார்.

மாட்டலாம் என்று ஸ்பேனரை எடுத்த நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. வேனை ஓட்டி வந்தவர் மகளின் மாமனார். ஹைட்ராலிக் ஹோஸ் செய்து மாட்டுவதுதான் அவருக்கு முப்பது வருஷத் தொழில்.

"இவரை யாரு வரச் சொன்னது?" என்று வெங்காயக்காரர் மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

"நான்தான் போன் பண்ணேன். மூணு நாளா வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தீங்களே, எண்ணெய் நின்னுச்சா?"

"அவங்க கண்ணுக்கு எல்லா ஹோஸும் போச்சுன்னுதான் தெரியும். விக்கிறவங்க வேற என்ன சொல்லுவாங்க?"

"மெதுவாப் பேசுங்க, காதுல விழப்போகுது. வாங்கண்ணே!"

வேறு மெக்கானிக்காக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார். பெண் கொடுத்த வீட்டு மனிதரை என்ன செய்வது? முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி" என்றார்.

சம்பந்தி அதிகம் பேசாதவர். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேரே ட்ராக்டரிடம் வந்தார். கசிவு எங்கே என்று காட்ட வெங்காயக்காரர் இன்ஜினைக் கிளப்பினார், பக்கெட்டை முழங்கால் உயரம் தூக்கினார், இறங்கி வந்து எப்போதும்போல ஹோஸைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார்.

"கைய எடுங்க!"

மதில் மேலிருந்த காக்கை பறந்தது. கல்யாணம் பேசிய நாளிலிருந்து குரலை உயர்த்தாத மனிதர். வெங்காயக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. சொந்த வீட்டு வாசலில், மனைவி பார்த்துக்கொண்டிருக்க, இப்படி ஒரு அதட்டலா?

சம்பந்தி ஒரு நீள அட்டைத் துண்டை எடுத்து, கை ஒரு முழம் தள்ளியே இருக்கும்படி பிடித்து, ஹோஸின் நீளத்துக்கு நகர்த்தினார். ஓரிடத்தில் அட்டையின் மேல் பென்சிலால் கிழித்ததுபோல ஈரக்கோடு விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து, கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க சம்பந்தி. இது தோலுக்குள்ள ஊசி மாதிரி ஏறிடும். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், வலி கூடத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஓடலைன்னா அப்புறம் விரலையே எடுக்கச் சொல்லுவாங்க."

வெங்காயக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நாளாகத் தடவிய கை.

"பக்கெட்டை முழுசா மேல தூக்கி உடனே இறக்குங்க. எப்படி ஓடுதுன்னு பாக்கணும்."

பக்கெட் மேலே ஏற ஏற, தொங்கிக் கிடந்த வளைவு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. உச்சிக்குப் போனபோது ஹோஸ் அநேகமாக நேராக நின்றது. வெங்காயக்காரர் கோணிப்பைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய கயிற்று அளவு மாட்டியிருந்தால் பாதி உயரத்திலேயே பிய்த்துக்கொண்டிருக்கும். இறங்கி வந்தவர் மேகம் பார்ப்பதுபோல நின்று, புது ஹோஸைக் காலால் மெல்லக் கோணிக்கு அடியில் தள்ளினார்.

சம்பந்தி அப்போது வேறு பக்கம் திரும்பி ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தேடியபடியே சொன்னார்: "அந்தக் கோணிக்கடியில இருக்கிறதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நல்ல ஹோஸ்தான். இதைவிடச் சின்ன வண்டி எதுக்காவது ஆகும்."

வெங்காயக்காரர், கேட்டே முடித்துவிடலாம் என்று, மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"மொத்தம் ஆறு ஹோஸ் இருக்கு. எத்தனை மாத்தணும்?"

ஆறும் என்றுதான் பதில் வரும், அதற்கு என்ன சொல்வது என்றும் யோசித்து வைத்திருந்தார். சம்பந்தி இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக வளைத்து, துணியால் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இன்னைக்கு ரெண்டு போதும்."

"ரெண்டா?"

"கசியறது ஒண்ணு. அந்தப் பக்கத்தது இரும்பு விளிம்புல உரசி உள்ள இருக்கிற கம்பி தெரியுது பாருங்க. நீங்க சந்துக்குள்ள இருப்பீங்க, ரெண்டு பக்கமும் சுவரு. மண்ணோட தூக்கின நேரத்துல அது வெடிச்சா பக்கெட் தொப்புன்னு விழும். மத்த நாலும் வெயில்ல வெடிப்பு விட்டிருக்கு, ஆனா இந்த மழையைத் தாங்கும். எல்லாத்தையும் இப்பவே மாத்த உக்காந்தா உங்க வெங்காயம் மிதந்துடும்."

விற்கிற மனிதன் குறைத்துச் சொல்லி வெங்காயக்காரர் கேட்டதில்லை.

ஆனால் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? சம்பந்தி வேனிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் திறந்தார். உள்ளே முனைகளில் மூடி போட்ட ஆறு புது ஹோஸ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: இடது தூக்கு, வலது தூக்கு, இப்படி.

"என் வண்டி அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சம்பந்தி சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "ஆறு மாசம் முன்னாடி வந்தோமே, நீங்கல்லாம் சாப்பிட்டுட்டுக் கண்ணசந்துட்டீங்க. எனக்குப் பகல்ல தூக்கம் வராது. வண்டியைச் சுத்தி வந்தேன். ஹோஸ் மேல அச்சடிச்சிருக்கிற வருஷத்தைப் பாத்தேன், பத்து வருஷப் பழசு. சரின்னு பக்கெட்டை ஏத்தி இறக்கி அளந்துட்டுப் போயிட்டேன்."

"அந்தச் சத்தம் கேட்டுது. கனவுன்னு நினைச்சேன்" என்றாள் மனைவி.

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சாப்பிட வந்த இடத்துல வியாபாரம் பண்றான்னு நினைச்சிருப்பீங்க."

"நினைச்சிருப்பேன்" என்றார் வெங்காயக்காரர்.

அதற்குப் பிறகு நடந்ததுபோல ஒரு வேலையை வெங்காயக்காரர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பக்கெட்டைத் தரையில் பதிய வைத்தார் சம்பந்தி. இன்ஜின் நின்ற பிறகும் லீவரை நாலா பக்கமும் அசைத்து, உள்ளே அடைபட்ட அழுத்தத்தை விட்டார். ஹோஸ் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு மண் துகள் இல்லாமல் துடைத்த பிறகுதான் ஸ்பேனரை வைத்தார். இரண்டு ஸ்பேனர்: ஒன்று பிடிக்க, ஒன்று திருக. கழற்றிய வாய் ஒரு நொடி திறந்திருக்கவில்லை, மூடி ஏறிவிட்டது. புது ஹோஸின் முதுகில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடியது. அந்தக் கோடு முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா என்று இறுக்கும்போதெல்லாம் பார்த்தார். உரசிய இரும்பு விளிம்பை அரத்தால் மழுங்க ராவி, அந்த இடத்தில் ஹோஸுக்கு ஒரு உறையும் மாட்டினார். இடி உருட்டியது. அந்த மனிதரின் கை ஒரு முறைகூடப் பதறவில்லை. பூ கட்டுகிற கைபோல, அவசரமும் இல்லை, தாமதமும் இல்லை. குறை கண்டுபிடிக்கவென்றே நின்ற வெங்காயக்காரர், கடைசியில் குறை தேட மறந்து நின்றார்.

எண்ணெய் ஊற்றி, பக்கெட்டை மெதுவாக ஏழெட்டு முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றி, அளவு பார்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மறுபடி அட்டை. காய்ந்த அட்டை காய்ந்தபடியே இருந்தது.

"போங்க சம்பந்தி."

வெங்காயக்காரர் சந்துக்குள் வண்டியை விட்டார். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான். பக்கெட் கனத்த மண்ணை அள்ளித் தலைக்கு மேல் தூக்கியது, தூக்கியபடி நின்றது, இம்மி இறங்கவில்லை. முப்பது நடைக்கு மேல் போனார். கடைசி நடைக்கு முன்பே பெரிய துளிகள் விழ ஆரம்பித்துவிட்டன. அடைப்பு உடைந்ததும் அதற்குப் பின்னால் ஒரு வாரமாகத் தேங்கி நின்ற தண்ணீர் கலகலவென்று வடிகாலில் இறங்கி ஓடியது.

நனைந்தபடி கிடங்குக்குள் ஓடினார். அடி மூட்டைகளுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். காய்ந்திருந்தது. மூலைக்கு மூலை போய்த் துழாவினார். எல்லாம் காய்ந்திருந்தது.

வாசலில் சம்பந்தி பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த நாலையும் எடுத்துட்டுப் போகாதீங்க. இங்கயே இறக்குங்க."

"ஏன், வேற யாருக்காவது வித்துடுவேன்னா?"

"சொல்ல முடியாது" என்றார் வெங்காயக்காரர். சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் மூட்டைகளின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

"மழை விட்டதும் வாங்க சம்பந்தி. அன்னைக்கு நான் பக்கத்துல நின்னு பாக்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு மாட்டுங்க, நான் உள்ள படுத்துத் தூங்குவேன்."

கையில் துண்டோடு வந்த மனைவி, கேட்டது சரிதானா என்பதுபோல நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.