கண்ணால் நடக்கிறவர்

என் வீட்டுக்காரர் கண்ணால் நடக்கிறார். கேலி இல்லை, டாக்டரே சொன்னது. கால்களில் பலம் அப்படியே இருக்கிறது. ‘நட’ என்று மூளை போடும் உத்தரவும் ஒழுங்காகக் கீழே போகிறது. பாதம் தரையில் பட்டதா, முட்டி மடங்கியதா என்று மேலே தகவல் கொண்டுபோகும் நரம்புகள்தான் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு செத்துவிட்டன. இனி திரும்பாதாம். தன் கால் எங்கே இருக்கிறது என்பதை அவர் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவர், வாஷ்பேசின் பக்கத்திலேயே மரம்போலச் சாய்ந்த அன்றைக்குத்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

இத்தனைக்கும் அவர் பஸ் கண்டக்டர். டிரைவர் எப்படிப் பிரேக் அடித்தாலும் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர். யார் கண் பட்டதோ! நான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடையைப் பூட்டும் நேரத்துக்கு வந்துவிடுவார், இருவரும் நடந்தே வீட்டுக்குப் போவோம். எனக்கு வாய் நீளம். அன்றைக்கு வந்த அத்தனை பேர் கதையையும் சொல்வேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டே நடப்பார். கதை சூடுபிடித்தால் எனக்கு முன்னால் போய், பின்பக்கமாக நடந்தபடி “அப்புறம்?” என்பார். கம்பத்தில் மோதப் போகிறீர்கள் என்று திட்டினால், அதைப் பார்க்கத்தானே நீ இருக்கிறாய் என்பார்.

காய்ச்சலுக்குப் பிறகும் சாயங்காலம் நடந்தோம். அவர் கண் செருப்பை விட்டு அகலாது. நான் ஒரு வார்த்தை பேசினால் நடுத்தெருவில் நின்றுவிடுவார். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் அவருக்கு நடைப் பயிற்சி கொடுக்கிற பெண்ணும் சொல்லிவிட்டாள். வாயைக்கூட மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்காததைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் பார்க்கிறாரே, அது போதாதா என்று அக்கா கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? அவள் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து பத்தடி முன்னால் போகிறவர். என் பக்கம் திரும்பியே இருந்த முகம் இப்போது ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்குச் சொந்தமாகிவிட்டது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு, அந்தச் செருப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

தரையைத்தானே பார்க்கிறார், நாம் தரைக்கே போவோம் என்று முடிவு செய்தேன். கடையில் இருந்ததிலேயே கண்ணைப் பறிக்கும் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக் கால்விரல் பத்துக்கும் பூசினேன். மறுநாள் அவருக்கு அரை எட்டு முன்னால், அவர் பார்வை விழுகிற இடத்தில் பாதத்தை வைத்து நடந்தேன். பார்த்தார். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் காலைப் பார்க்கிற நேரத்தில் தன் காலைத் தொலைத்துவிடுவார் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. நான் திரும்புவதற்குள் முகம் குப்புற விழுந்திருந்தார். தாடையில் தையல் போட்டார்கள்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். அதன்பிறகு சாயங்கால நடை நின்றது. ஆஸ்பத்திரிப் பயிற்சி அறைக்கு மட்டும் போவார். நான் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் கண் அலைகிறது என்றார். இனி என்னோடு நடக்கவே மாட்டாரோ என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

நேற்று பயிற்சி கொடுக்கிற அந்தப் பெண் கதவைத் திறந்து, “அக்கா, உள்ள வாங்க. சார் கூப்பிடுறாரு” என்றாள்.

அவர் வெறுங்காலோடு அறை நடுவில் நின்றிருந்தார். எதையும் பிடிக்கவில்லை. இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பின்னாலிருந்து அவள் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக நிமிர்ந்து நிற்கப் பழக்குகிறாளாம். நேரே எதிரில் அசையாத ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தால் கால்களைப் பார்க்காமலே நிற்கலாமாம். அது அசைந்தால் தானும் ஆடுவதாக மூளை நினைத்து ஆளைச் சாய்த்துவிடுமாம். இத்தனை நாளும் எதிர்ச்சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

“அந்த சுவிட்ச பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. நீ வந்து நில்லு” என்றார். “ஆனா அசையக் கூடாது. உன்னால முடியுமா?”

எதிரில் போய் நின்றேன். அவர் கண் மெதுவாகச் சுவரை விட்டு என் முகத்துக்கு வந்தது. ஒருமுறை ஆடினார். அந்தப் பெண்ணின் கை இறுகியது. பிறகு நின்றார். நரைத்த புருவமும் தாடையில் தையல் தழும்புமாக, நிமிர்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு மூக்கு ஒழுகியது. கண்ணீர் வாய்க்குள் இறங்கியது. துடைக்கக் கை தூக்கவில்லை. தோள்கூடக் குலுங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் எட்டுத்தான் இருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. அந்த ஓர் எட்டை எடுத்து வைத்தால் அவர் விழுந்துவிடுவார். வைக்காமல் நின்றேன்.